இந்த நாலு பேர் யார்?

நமது நாட்டில் ஒரு காரியத்தைச் செய்யத் துணியாதவனும், செய்துவிட்டுப் பின்னால் துக்கப்படுகின்றவனும், மனதுக்குப் பிடிக்காமலேயே செய்து தீர்க்கின்றவனும் ஆகிய எல்லோரும் கடைசியாகச் சொல்லுகின்ற சமாதானம் ஒன்றே ஒன்றாகத்தான் இருந்து வருகின்றது. அதாவது, "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்பதேயாகும். ஜாதகம் பாராமல் பெண்ணைக் கொடுக்கலாம் என்று தகப்பனுக்கே தோன்றுகின்றது; ஆனால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? புரோகிதர் கையில் கொடுத்த அரிசியும் வாழைக்காயும் செத்துப்போன தாயாருக்குப் போய்ச் சேராது என்று மகனுக்கே தெரிகின்றது. ஆனால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? தாலியறுத்த தங்கை தலையில் பூ வைத்துக் கொள்ளட்டுமே என்று அண்ணன் நினைக்கின்றான். நாலு பேர் குறுக்கே வந்துவிடுகின்றார்கள். நிலத்தை ஈடு வைத்துக் கலியாணம் செய்கின்றவனைக் கேட்டாலும் அதே நாலு பேர்தான். அந்த நாலு பேரின் பெயரையும் விலாசத்தையும் சொல்லப்பா என்று கேட்டால் மாத்திரம் ஒருவனாலும் சொல்ல முடிவதில்லை. விசாரித்துக்கொண்டே போனால், அந்த நாலு பேரும் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வேறு நாலு பேருக்குப் பயந்து கொண்டிருக்கின்றார்கள் என்பதுதான் தெரியவரும்.

இந்தச் சங்கதியை நாம் இப்போது எடுத்துக்கொள்ளக் காரணம், கிராமப் பிரசாரத்தில் வெகுகாலமாக உழைத்துவரும் ஒரு தோழர் நமக்கு எழுதியிருக்கும் கடிதமாகும். தாம் பேசுகின்ற கூட்டங்களில் ஜனங்கள் சிரிக்கின்றார்கள், கைதட்டுகின்றார்கள், ஆமாம் ஆமாம் என்கின்றார்கள், ஆனால் மறுநாள் காலையில் அவர்களே ஜோசியன் வீட்டு வாசலில் நிற்கின்றார்கள் என்றும், இதற்குக் காரணம் ஜனங்களின் மடமையா அல்லது தமது பேச்சின் குறையா என்றும் கேட்டிருக்கின்றார். கேள்வி மிகவும் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் இரண்டு காரணங்களில் எதுவும் சரியானதென்று நமக்குத் தோன்றவில்லை. மனிதன் தனியாயிருக்கும்போது ஒரு மாதிரியாகவும், பிறர் பார்க்கும்போது வேறு மாதிரியாகவும் நடப்பதேன், கூட்டத்தின் அபிப்பிராயம் தனி மனிதனுக்குள் எப்படிப் புகுகின்றது என்பதையே விஷயமாக வைத்து ஆராய்வதற்கென்று ஒரு சாஸ்திரம் ஏற்பட்டு நூறு வருஷங்களுக்கு மேலாகின்றது. அதற்குச் சமூக மனோதத்துவம் என்று பெயர். அதைச் சுயமரியாதைக்காரர்கள் கற்க வேண்டும் என்பதும், கற்று அதன் அளவுகோலை முதலில் நம்மீதே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும்தான் நாம் இங்கு சொல்ல வந்த விஷயமாகும்.

"பகுத்தறிவு இருக்கும்போது வேறு சாஸ்திரம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். பகுத்தறிவு என்பது மேடையில் ஏறிப் பேசுவதற்கு உள்ள ஒரு வார்த்தையாய் இருந்தால் வேறொன்றும் வேண்டியதில்லைதான். ஆனால் அது எதையும் சோதித்துப் பார்ப்பது என்பதாக இருந்தால், எப்படிச் சோதிப்பது என்பதைப் படித்துத்தானே ஆக வேண்டும்?

ஓர் உதாரணம் சொல்லுவோம். பிள்ளை வரம் கொடுக்கும் கோவில் என்று பேர் வாங்கிய எந்த இடத்திலும் ஒரு மரத்தில் நூற்றுக்கணக்கான சின்னத் தொட்டில்கள் கட்டியிருக்கக் காணலாம். "இத்தனை தொட்டிலும் பொய்யா?" என்று பூசாரி கேட்பார். தொட்டில் பொய்யல்ல. ஆனால் வேண்டிக்கொண்டும் பிள்ளை பிறக்காத பெண்கள் எந்த மரத்தில் எதைக் கட்டினார்கள்? அவர்கள் எத்தனை பேர்? வேண்டிக்கொள்ளாமலே பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர்? இந்தக் கணக்குகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலன்றி மரத்தின் சாட்சி செல்லாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஜனங்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். காக்கை உட்காராத பனைகளில் எத்தனை பழம் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கிற வேலைதான் பாக்கியாக இருந்தது. ஆராய்ச்சி முறை என்று பெரிய பேரால் சொல்லப்படுவதெல்லாம் முக்கால்வாசி இந்த எண்ணிப் பார்க்கிற வேலையே ஒழிய வேறல்ல.

மனிதர் விஷயத்தில் இந்த எண்ணிக்கையைப் பரிசோதனையாக ஆரம்பித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் டிரிப்லெட் என்பவர். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியே ஓட்டுவதைவிட, பக்கத்தில் ஒருவன் ஓட்டும்போது அதிக வேகமாய் ஓட்டுவதை அவர் பதிவுக் கணக்குகளில் கண்டார். அதோடு விடாமல், குழந்தைகளைக் கொண்டு தூண்டில் நூல் சுற்றும் ராட்டினத்தைத் தனியாகவும் ஜோடியாகவும் சுற்றச் சொல்லி, நேரத்தை அளந்து 1898-ல் வெளியிட்டார். அவருடைய கணக்கு இன்றைய நிறுவையில் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொல்லுகின்றார்கள். அது கிடக்கட்டும். ஒரு மனிதன் பக்கத்தில் இருப்பதே மற்றொருவனை மாற்றுகின்றதா என்று வெறும் அபிப்பிராயமாய்ப் பேசாமல், கடியாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அதுதான் விசேஷம்.

இனி நமது நாலு பேருக்கு வருவோம். சாலமன் ஆஷ் என்பவர் போலந்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர். அவர் 1950-க்குப் பிந்திய வருஷங்களில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு பரீக்ஷை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளத்தில் வித்தியாசமான மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவராய்ச் சொல்ல வேண்டும். குருடனைத் தவிர யாரும் தவறமுடியாத கேள்வி. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவன்தான் உண்மையில் பரீக்ஷிக்கப்படுகின்றவன். மற்றவர்களெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டு வேண்டுமென்றே தப்பு விடை சொல்லுகின்றவர்கள். அவர்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி முடிந்த பிறகுதான் இவன் முறை வரும். தனியாய்க் கேட்டபோது நூற்றுக்கு ஒரு தடவைகூடத் தப்பாத அதே கேள்வியில், கூட்டத்துக்கு நடுவே நூற்றுக்குச் சுமார் 37 தடவை கூட்டத்தின் தப்பையே இவர்களும் சொன்னார்கள். ஒரு தடவையாவது அப்படி வழுக்கி விழுந்தவர்கள் நாலில் மூன்று பங்குப் பேர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இன்னும் உள்ளே இருக்கின்றது. எதிர்ப்பக்கம் எத்தனை பேர் இருந்தால் மனிதன் வளைகின்றான் என்று ஆஷ் எண்ணிப் பார்த்தார். ஒரே ஆள் தப்புச் சொன்னால் இவன் அசைவதேயில்லை. இரண்டு பேரானால் கொஞ்சம் ஆடுகின்றான். மூன்று பேரானால் முழு அளவில் வளைந்துவிடுகின்றான். அதற்குமேல் ஏழு, எட்டு, பதினைந்து என்று ஆளைச் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் ஏறுவதில்லை. ஆகவே ஒருவனை மடக்குவதற்கு ஊர் முழுவதும் வேண்டியதில்லை. மூன்று நாலு பேர் போதும். நம் பெரியவர்கள் பத்துப் பேர் என்றோ நூறு பேர் என்றோ சொல்லாமல் "நாலு பேர்" என்று சொல்லிவைத்தது தற்செயலாக இருந்தாலும், சரியான எண்ணிக்கையாக வந்து விழுந்திருக்கின்றது!

அதோடு அவர் மற்றொன்றும் செய்தார். தப்புச் சொல்லும் கூட்டத்தின் நடுவில் சரியான விடை சொல்லும் ஒரே ஓர் ஆளை வைத்தார். அவ்வளவுதான். வளைந்தவர்களின் தொகை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரு கிராமத்தில் முதன்முதலாகப் புரோகிதரில்லாமல் கலியாணம் செய்துகொண்ட ஒரு குடும்பத்தின் மதிப்பு இன்னதென்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அந்தக் குடும்பம் ஒரு வார்த்தையும் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. அங்கே இருந்தாலே போதும்.

ஆனால் நியாயமாய் மற்றொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஷின் பரீக்ஷையில் மூன்றில் இரண்டு பங்கு விடைகள் கூட்டத்துக்குப் பணியாத விடைகளேயாகும். நாலில் ஒரு பங்குப் பேர் ஒரு தடவைகூடப் பணியவில்லை. மனிதன் ஆட்டுமந்தை என்று இந்தப் பரீக்ஷையை வைத்துக்கொண்டு பேசுகின்றவர்கள் பாதியைப் படித்தவர்களேயாவார்கள்.

நிற்க, வதந்தி விஷயம் ஒன்று. 1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி பீகாரில் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த மாதத்திலேயே தோழர் காந்தியார் நமது திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்ற கருத்தைச் சொன்னார். இரவீந்திரநாத் தாகூரே அதைக் கண்டித்து எழுத நேர்ந்தது. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை உண்டா? ஆனால் பீகார் குழந்தைகள் செத்ததற்குத் தீண்டாமை காரணமென்றால், தீண்டாமையை அதிகமாய் அனுஷ்டித்தவர்களின் வீடுகள் மாத்திரமல்லவா விழுந்திருக்க வேண்டும்? சேரிக் குடிசை ஏன் விழுந்தது? நல்ல காரியத்துக்காகச் சொன்னாலும் பொய்க் காரணம் பொய்க் காரணமேயாகும்.

அதே சமயத்தில் ஜமுனா பிரசாத் என்ற இந்திய மனோதத்துவ ஆசிரியர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். பூகம்பத்துக்குப் பின் ஜனங்களிடையே உலாவிய வதந்திகளையெல்லாம் சேகரித்து 1935-ல் பிரசுரித்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் ஒன்றும் அடையாத ஊர்களில், புயல் வரப்போகின்றது, வெள்ளம் வரப்போகின்றது, மறுபடியும் பூமி குலுங்கப்போகின்றது என்று முன்னதைவிடப் பயங்கரமான வதந்திகள் பரவியிருந்தன. துன்பத்திலிருந்து தப்பியவர்கள் சந்தோஷமான வதந்தியையல்லவா கட்டிவிட வேண்டும்? பிற்பாடு துர்கானந்த் சின்ஹா என்பவர் டார்ஜிலிங் மண்சரிவில் நிஜமாகவே சேதம் அடைந்தவர்களிடையே பார்த்ததில் இப்படிப்பட்ட பயங்கர வதந்திகள் காணப்படவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அமெரிக்காவில் லியோன் பெஸ்டிங்கர் என்பவர் தமது யோசனையை அடைந்தார். வீடு இடிந்தவனுக்குப் பயப்படக் காரணம் கண்முன்னால் கிடக்கின்றது. இடியாதவனுக்கோ பயம் இருக்கின்றது, காரணம் இல்லை. ஆகவே பயத்துக்குத் தக்க காரணத்தை அவனே உண்டாக்கிக்கொள்ளுகின்றான். மனதில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு சங்கதிகள் இருந்தால் மனிதனால் சும்மா இருக்க முடியாது. இரண்டில் எதை மாற்றுவது சுலபமோ அதை மாற்றிவிடுவான் என்பதுதான் 1957-ல் அவர் வெளியிட்ட கொள்கையின் சாரம். பீகாரின் வதந்தியிலிருந்து உலகப் பிரசித்தமான ஒரு கொள்கை பிறந்திருக்கின்றது என்பது நம் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கொள்கையைக் கொண்டு நம் பக்கத்துச் சங்கதிகள் பலவற்றைப் பார்க்கலாம். 1959-ல் ஆரன்ஸன், மில்ஸ் என்ற இருவர், ஒரு பேச்சுக் கூட்டத்தில் சேர விரும்பிய கல்லூரிப் பெண்களில் சிலரைக் கூச்சமும் வெட்கமும் படும்படியான சடங்கு ஒன்றைச் செய்யவைத்துச் சேர்த்தார்கள். சிலரைச் சும்மா சேர்த்தார்கள். பிறகு எல்லோரையும் உயிரற்ற, சலிப்பூட்டும் ஒரே பேச்சைக் கேட்கவைத்தார்கள். அதிகக் கஷ்டப்பட்டு உள்ளே வந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு மிக நன்றாயிருந்ததாம்! காவடி தூக்கி நூறு மைல் நடந்து காலெல்லாம் கொப்புளமாக வந்தவனிடம் போய், "இதனால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை" என்று நம் தோழர் சொன்னால், அவன் கொப்புளம் அவனுக்காக வாதாடுமா, நம் தோழருக்காக வாதாடுமா? அவனை மடையன் என்று திட்டுவதால் கொப்புளம் ஆறிவிடாது.

மூன்றாவது சங்கதி, வாய்க்கும் கைக்கும் உள்ள தூரம். ரிச்சர்ட் லாபியர் என்பவர் 1930 முதல் 1932 வரையில், சீன தேசத்துத் தம்பதிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் சுற்றிவந்தார். அக்காலம் அங்கே சீனரைத் தாழ்வாக நடத்திய காலம். 251 ஓட்டல்கள், சாப்பாட்டுக் கடைகள் முதலியவற்றுக்குப் போனதில் ஒரே இடத்தில்தான் இல்லை போ என்றார்கள். ஆறு மாதம் கழித்து அந்த இடங்களுக்கே "சீனருக்கு இடம் கொடுப்பீர்களா?" என்று கடிதம் போட்டுக் கேட்டார். பதில் எழுதிய 128 பேரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் கொடுக்கமாட்டோம் என்றே எழுதினார்கள். அங்கே வாய் கெட்டதாகவும் கை நல்லதாகவும் இருந்தது. நம் நாட்டிலோ நேர்மாறு. "எங்கள் வீட்டில் ஜாதியெல்லாம் பார்ப்பதில்லை" என்று சொல்லாத உத்தியோகஸ்தர் வீடு உண்டா? ஆனால் வெளிவரும் மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள்.

எமரி போகார்டஸ் என்பவர் 1925-ல், அதாவது "குடி அரசு" பிறந்த அதே வருஷத்தில், இந்தத் தூரத்தை அளப்பதற்கு ஓர் அளவுகோல் செய்து வெளியிட்டார். இன்ன கூட்டத்தானை உன் தேசத்தில் இருக்க விடுவாயா, உன்னோடு வேலை செய்ய விடுவாயா, அண்டை வீட்டில் குடிவைப்பாயா, சிநேகிதனாக வைத்துக்கொள்வாயா, சம்பந்தம் செய்வாயா என்று படிப்படியாகக் கேட்பதுதான் அது. இதைக் கண்டுபிடிக்க ஒரு புரொபஸர் வேண்டுமா என்று நம் சேரிச் சகோதரன் சிரிப்பான். திண்ணை, நடை, கூடம், சமையலறை, பந்தி, பெண் என்று ஒவ்வொரு படியும் அவன் காலுக்கே தெரியும். 2011-12-ல் நாடு முழுவதும் 42,000 குடும்பங்களில் நடந்த இந்திய மானுட வளர்ச்சிக் கணக்கெடுப்பில், நூற்றுக்கு 27 வீடுகள் ஏதோவொரு வகையில் தீண்டாமை அனுஷ்டிப்பதாக ஒப்புக்கொண்டன. ஜாதி மாறிய கலியாணம் நூற்றுக்கு 5 அளவுதான். 27 என்பது ஒப்புக்கொண்டவர் கணக்கு என்பதை மறந்துவிடக்கூடாது. வாயை மூடிக்கொண்டவர் கணக்கு யாரிடம் இருக்கின்றது?

அதை வெளியே கொண்டுவரத் தந்திரமான முறை ஒன்று உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், படிப்பும் அனுபவமும் சமமாக வைத்து, பேரை மாத்திரம் மாற்றி, 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒன்று மேல்ஜாதிப் பேர், ஒன்று தலித் பேர், ஒன்று முஸ்லிம் பேர். மேல்ஜாதிப் பேருக்கு அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடப்படும் வாய்ப்பு ஒன்று என்றால் தலித் பேருக்கு 0.67, முஸ்லிம் பேருக்கு 0.33 தான் இருந்தது. இந்தக் காரியாலயங்களில் போய் "நீங்கள் ஜாதி பார்ப்பீர்களா?" என்று கேட்டிருந்தால், "தகுதியும் திறமையும்தான் பார்ப்போம்" என்ற பல்லவியைத் தவிர வேறென்ன வந்திருக்கும்? டில்லியில் செய்து 2009-ல் வெளியான இதே மாதிரியான மற்றோர் ஆராய்ச்சியில், கம்ப்யூட்டர் மென்பொருள் வேலைகளில் இப்படிப்பட்ட வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம். நமக்குச் சாதகமான கணக்கை மாத்திரம் எடுத்துச் சொன்னால், நாமும் தொட்டில் மரத்துப் பூசாரியாகத்தான் ஆவோம்.

இவை எல்லாவற்றையும்விட நம் இயக்கத்தின் பேருக்கே சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற நீக்ரோ தம்பதிகள், 3 வயது முதல் 7 வயது வரை உள்ள 253 கறுப்புக் குழந்தைகளிடம் நிறத்தைத் தவிர எதிலும் வித்தியாசமில்லாத பொம்மைகளைக் காட்டினார்கள். விளையாட எது வேண்டும் என்றால், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் கேட்டன. கெட்ட பொம்மை எது என்றால், பாதிக்கு மேற்பட்டவை தங்கள் நிறப் பொம்மையையே காட்டின. பிறகு "உன்னைப் போல் இருப்பது எது?" என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டு ஓடிவிட்டனவாம். வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் வைப்பது செல்லாது என்று 1954-ல் அமெரிக்கப் பெரிய கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னபோது, அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆராய்ச்சியையும் எடுத்துக் காட்டினார்கள். சுயமரியாதை என்பது வெறும் மேடை வார்த்தை என்று நினைக்கின்றவர்கள் அந்தக் குழந்தைகளை நினைத்துப் பார்க்கட்டும்.

நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பையன்களைக் கொண்டு கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பெண்மணிகள் செய்த பரீக்ஷை இன்னும் நேரானது. மேல்ஜாதிப் பையன்கள் 321, தாழ்த்தப்பட்ட ஜாதிப் பையன்கள் 321. காகிதத்தில் அச்சடித்த சிக்கல் வழிகளில் வழி கண்டுபிடித்தால் காசு. ஜாதியைப் பற்றிப் பேச்செடுக்காமல் எழுதச் சொன்னபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் எழுதுமுன் ஒவ்வொருவன் பேரையும், ஊரையும், தகப்பன் பாட்டன் பேரையும், அத்தோடு ஜாதியையும் எல்லோர் முன்னும் உரக்கப் படித்தபோது, தாழ்த்தப்பட்ட பையன்கள் கண்டுபிடித்த வழிகள் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கிவிட்டன. மூளை ஐந்து நிமிஷத்தில் குறைந்துவிட்டதா? பூர்வஜன்ம கர்மம் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்ததா? ஜாதியைச் சொல்லுகின்ற ஒரு குரலே கையைக் கட்டிப்போட்டுவிடுகின்றது. 2023-ல் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் கையில் ஜாதிக் கயிறு கட்டக்கூடாது, வருகைப் பதிவேட்டில் ஜாதி இருக்கக்கூடாது, ஆசிரியர் ஜாதியைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடக்கூடாது என்று 2024-ல் சிபார்சு செய்தபோது, இதென்ன பெரிய விஷயம் என்று முகம் சுளித்தவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்தச் சாஸ்திரத்தின் ஊழலையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியர்களாகமாட்டோம். டீடரிக் ஸ்டேப்பல் என்ற டச்சுப் புரொபஸர், செய்யாத பரீக்ஷைகளைச் செய்ததாக எழுதி, பொய்க் கணக்கு உற்பத்தி செய்தது 2011-ல் அம்பலமாயிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ் வாங்கப்பட்டன. 2015-ல் பலர் சேர்ந்து மனோதத்துவ ஆராய்ச்சிகள் நூறை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்ததில், பழைய பலன் மறுபடியும் கிடைத்தது நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவுதான். சமூக மனோதத்துவத்தில் அதைவிடவும் குறைவு. 1971-ல் ஸிம்பார்டோ என்பவர் நடத்திய பிரசித்தமான சிறைச்சாலைப் பரீக்ஷையில், காவலர்கள் தாங்களாகவே கொடுமைக்காரர்களாக மாறவில்லை, கடுமையாக இருக்கும்படி சொல்லிக்கொடுக்கப்பட்டார்கள் என்பது பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து பின்னால் வெளிப்பட்டிருக்கின்றது. பெஸ்டிங்கரும், 1954 டிசம்பர் 21-ந் தேதி உலகம் வெள்ளத்தில் அழியும் என்று காத்திருந்த ஒரு கூட்டத்துக்குள் பக்தர் வேஷத்தில் ஆட்களை அனுப்பிப் புஸ்தகம் எழுதினார். வேஷக்காரர்களே கூட்டத்தில் அதிகமாய்ப் போய் அதன் உற்சாகத்தை வளர்த்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அதன்மேல் இருக்கின்றது. இதெல்லாம் போக, இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. அவர்கள்தான் மனித ஜாதி முழுவதும் என்பது ஒரு புதுவிதமான வருணாசிரமம்.

ஆனால் இந்தப் புளுகுகளைக் கண்டுபிடித்தவர் யார்? அந்தச் சாஸ்திரக்காரர்களே. ஸ்டேப்பலை வெளிப்படுத்தியவர்கள் அவரிடம் வேலை பார்த்த இளைஞர்கள். மனுதர்மத்தில் இன்ன சுலோகத்தைத் திரும்பச் சோதித்துப் பார்த்தோம், நூற்றுக்கு அறுபது தேறவில்லை, ஆகவே வாபஸ் வாங்கிக்கொள்ளுகின்றோம் என்று எந்த மடாதிபதியாவது அறிக்கை விட்டதுண்டா? ஆகையால் புரொபஸர்களைப் புதுக் குருக்களாக ஆக்கிக்கொள்ளும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் எண்ணுகின்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

கடைசியாக, கடிதம் எழுதிய தோழருடைய கேள்விக்கு வருகின்றோம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கர்ட் லெவின் என்ற யூதப் பேராசிரியர், யுத்த காலத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். நல்ல இறைச்சியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், மாட்டின் இருதயம், குண்டிக்காய் முதலிய உறுப்புகளைச் சமைக்கும்படி பெண்களைத் திருப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்கோ அருவருப்பு. ஆறு கூட்டங்களில் மூன்றுக்கு நல்ல பிரசங்கம் செய்யப்பட்டது. சத்துப் பொருள், சிக்கனம், தேசபக்தி, சமையல் பக்குவம் எல்லாம் விளக்கப்பட்டன. மற்ற மூன்றில் பெண்களே உட்கார்ந்து தங்கள் சங்கடங்களைப் பேசி, முடிவில் யார் செய்து பார்க்கப் போகின்றீர்கள் என்று கை தூக்கினார்கள். பிறகு விசாரித்ததில், பிரசங்கம் கேட்டவர்களில் புதிதாகச் சமைத்தவர்கள் நூற்றுக்கு 3 பேர். கூடிப்பேசி முடிவுசெய்தவர்களில் 32 பேர்.

அந்தச் சோதனையிலும் ஓட்டை இருந்தது. பேசி முடிவுசெய்தவர்களுக்கு மாத்திரம் பின்னால் விசாரிப்பார்கள் என்பது தெரிந்திருந்தது. அதனால் எடித் பென்னட் என்ற பெண்மணி 1955-ல் ஒவ்வொரு அம்சத்தையும் பிரித்துச் செய்து பார்த்தார். கூடிப்பேசுவதால் மாத்திரம் ஒன்றும் அதிகப்படவில்லை. எல்லோரும் பார்க்கக் கை தூக்கியதும் காரணமல்ல. அப்போதே ஒரு முடிவு செய்துகொள்வதும், மற்றவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கின்றார்கள் என்று தெரிவதும்தான் காரணமென்று கண்டார். மற்றவர்களும் என்றால் யார்? அதே நாலு பேர்தான்! 1931-லேயே காட்ஸ், ஆல்போர்ட் என்பவர்கள், தனித்தனியே சம்மதமுள்ள மாணவர்கள் மற்றவர்களுக்குச் சம்மதமில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லோருமாகச் சேர்ந்து கதவைச் சாத்திவைத்திருந்ததைக் கண்டு எழுதியிருக்கின்றார்கள்.

நம் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் பேசுகின்றோம். கேட்பவன் கைதட்டுகின்றான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தன் பெண்ணுக்கு என்ன செய்யப்போகின்றான் என்று அவனுக்குத் தெரியாது. இவனைப் பற்றி அவனுக்கும் தெரியாது. இருட்டில் தனித்தனியாக வீட்டுக்குப் போகின்றார்கள். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று தமிழ்நாட்டில் 1967-ல் சட்டமே ஆகிவிட்டது. ஆனால் சட்டம் நாலு பேரின் வாயை மூடாது.

ஆகவே கிளைச் சங்கத்தாருக்கு நமது யோசனை இது. அடுத்த சுற்றுக்குப் பத்துக் கிராமங்களைக் குறித்துக்கொள்ளட்டும். எந்த ஊரில் பிரசங்கம், எந்த ஊரில் திண்ணைப் பேச்சு என்பதைத் தங்கள் இஷ்டத்துக்குத் தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கட்டும். இல்லாவிட்டால் நமக்கு வேண்டிய ஊரையே திண்ணைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுவோம். ஐந்து ஊரில் வழக்கம்போல் கூட்டம் போடட்டும். ஐந்து ஊரில் பதினைந்து இருபது பேராக, பெண்களையும் சேர்த்து உட்காரவைத்து, ஜாதகம் பாராமல் செய்வதில் அவரவருக்குள்ள சங்கடம் என்ன என்று அவர்களையே பேசவிட்டு, முடிவில் யார் யார் செய்வதாக இருக்கின்றார்கள் என்பதை எல்லோரும் அறியும்படி செய்யட்டும். ஒரு வருஷம் கழித்துப் பத்து ஊரிலும் நடந்த கலியாணங்கள் எத்தனை, ஜாதகம் பாராதவை எத்தனை, புரோகிதரில்லாதவை எத்தனை என்று எண்ணட்டும். எண்ணுகின்றவர் அந்த ஊர்களில் பேசியவராக இருக்கக்கூடாது. எந்த ஊரில் எது நடந்தது என்பதும் அவருக்குத் தெரியாமலிருந்தால் நல்லது. பிரசங்கமே மேல் என்று வந்தாலும் சரி, இரண்டும் பூஜ்யம் என்று வந்தாலும் சரி, கணக்கை அப்படியே நமக்கு அனுப்பினால், வெற்றிச் செய்திகளைப் போடும் அதே பக்கத்தில் அதே எழுத்தில் போடுவோம்.